ஆசிரியர்களுக்கு ஓர் இணையப் பள்ளி

பயிற்சிக் கல்லூரியில் பட்டம் பெற்று நியமன ஆணையைக் கையில் வாங்கிய தினத்தோடு ஓர் ஆசிரியரின் கல்வி முடிந்துவிடுகிறது என்று எந்தக் காலத்திலும் யாரும் சொன்னதில்லை. பாடப்புத்தகம் மாறுகிறது, மாணவர்களின் சுபாவம் மாறுகிறது, அவர்கள் பிற்காலத்தில் பிழைக்க வேண்டிய உலகத்தின் போக்கே மாறுகிறது, இத்தனை மாறுதல்களுக்கும் ஈடுகொடுத்துப் பாடம் நடத்தும் பொறுப்பை ஏற்றவர் தாமும் இடைவிடாது கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயமே. 1964 முதல் 1966 வரை நம் தேசத்தின் கல்விமுறையை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுக் காலத்தில் இரண்டு மூன்று மாதங்களேனும் பணியிடைப் பயிற்சி பெற வேண்டும் என்று சிபாரிசு செய்தது. மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கையோ, ஆண்டுதோறும் 50 மணி நேரமாவது ஆசிரியர்கள் தொழில்முறைக் கல்வியில் ஈடுபட வேண்டும் என்கிறது.

சிபாரிசு செய்வது எளிது. நிறைவேற்றுவது அவ்வளவு எளிதன்று. 2024–25 கல்வியாண்டில் இந்தியப் பள்ளி ஆசிரியர்களின் தொகை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. மலைக்கிராமத்து ஓராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் தாமே நடத்துகிறவர் முதல், பெருநகரத்து மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் மட்டும் போதிக்கிறவர் வரை, இந்த ஒரு கோடிப் பேருக்கும் கணினியையும் இணையத்தையும் வகுப்பறையில் விவேகத்தோடு உபயோகிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி? இணையத்தின் வழியாகவே கற்பிக்கலாம் என்பது இக்காலத்தில் தரப்படும் விடை. அந்த விடை எவ்வளவு தூரம் சரியானது, எந்த நிபந்தனைகளின் பேரில் சரியானது என்பதைச் சற்று ஆற அமர யோசிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொருவருக்கும் பிரயோஜனமானது.

இணையம் வருவதற்கு முன்பு நடைபெற்ற பயிற்சியின் முறை யாவரும் அறிந்ததே. தலைநகரில் சிலருக்குப் பயிற்சி தரப்படும். அவர்கள் மாநிலக் கருத்தாளர்களாகி மாவட்டங்களுக்குச் செல்வார்கள். மாவட்டத்தில் பயின்றவர்கள் வட்டார வள மையத்துக்கு வருவார்கள். அங்கே இரண்டு நாளோ மூன்று நாளோ பெஞ்சுகளில் அமர்ந்து கேட்டுவிட்டு ஆசிரியர்கள் தங்கள் பள்ளிகளுக்குத் திரும்புவார்கள். இவ்வாறு படிப்படியாக இறங்கிவரும் ஞானம் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேய்ந்து, கடைசிப் படியில் நிற்கும் ஆசிரியரை அடையும்போது, மூலத்தில் இருந்த செய்முறை மறைந்து வெறும் உபதேசமாக எஞ்சிவிடுவது இயல்பு. பயிற்சி நாட்களில் பள்ளியில் ஆளில்லாமல் போவதும், திரும்பி வந்தபின் எழுகிற சந்தேகங்களைக் கேட்பதற்கு இடமில்லாமல் போவதும் இம்முறையின் வேறு இரு குறைகள்.

இக்குறைகளை விஞ்ஞான சாதனத்தால் போக்கலாம் என்ற எண்ணம் இணையத்தோடு பிறந்ததன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையோடு ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்ற ‘சைட்’ என்னும் சோதனையில், பல்லாயிரக்கணக்கான தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையில் பயிற்சி அளிக்கப்பட்டது. அதில் கவனிக்கத் தக்க அம்சம் ஒன்று உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை மட்டும் நம்பி அப்பயிற்சி நடத்தப்படவில்லை; வானொலி நிகழ்ச்சி, அச்சிட்ட கையேடு, ஆசிரியர்கள் தம் கையாலேயே செய்து பார்க்கும் சோதனைகள் ஆகியவையெல்லாம் அதனோடு சேர்ந்திருந்தன. தூரத்திலிருந்து வரும் குரலுக்குப் பக்கத்தில் ஒரு துணை வேண்டும் என்பதை அந்தக் காலத்து நிபுணர்கள் உணர்ந்திருந்தார்கள்.

1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் கீழ் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் நம் பள்ளிகள் சிலவற்றுக்கு வந்து சேர்ந்தன. 2004 டிசம்பரில் தொடங்கிய மத்தியத் திட்டத்தின் மூலம் உயர்நிலைப் பள்ளிகளில் கணினி ஆய்வகங்கள் ஏற்பட்டன. இயந்திரங்கள் வந்தன என்பது உண்மை. ஆனால் கணினி என்பது தனியே ஒரு பாடம், அதற்குத் தனியே ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்ற மனோபாவமும் அவற்றோடு கூடவே வந்ததால், தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் அந்த அறையின் வாசலைத் தாண்டாமலே பல வருஷங்கள் கழிந்தன.

இந்நிலையில் 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, ‘தீக்ஷா’ என்னும் தேசிய இணையத்தளம் தொடங்கப்பட்டது. திறந்த மூல மென்பொருளின் மீது கட்டப்பட்ட இத்தளத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் மொழியில், தன் பாடத்திட்டத்துக்கு ஏற்ற பாடப்பொருளை ஏற்றி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் சிறு கட்டங்களாக அச்சிடப்பட்ட கியூ.ஆர். கோடுகளைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்தால் காணொளி திறக்கும் என்பதை இன்று நம் குழந்தைகளே அறிவார்கள். 2019 ஆகஸ்டில் மத்திய அரசு ஏறத்தாழ 42 லட்சம் தொடக்க நிலை ஆசிரியர்களை உத்தேசித்து ‘நிஷ்டா’ என்னும் பயிற்சியை நேர்முக வகுப்புகளாகத் தொடங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டதும், அக்டோபரில் அந்தப் பயிற்சி முழுவதும் தீக்ஷாவில் இணையவழிப் பாடங்களாக உருமாறியது. கற்றல், கற்பித்தல், மதிப்பீடு ஆகிய மூன்றிலும் தகவல் தொழில்நுட்பத்தை இணைப்பது குறித்து அதில் ஒரு பாடமே இருந்தது. ஆக, அந்த ஒரு பருவத்தில் நம் ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தைப் பற்றித் தொழில்நுட்பத்தின் மூலமாகவே கற்க நேர்ந்தது. ஆயுளில் ஒருமுறைகூட இணையத்தில் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்திராதவர்கள், மகனையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்நுழைந்து, காணொளி பார்த்து, வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழைத் தரவிறக்கிக்கொண்டார்கள். இது சாமானியமான காரியம் அன்று.

ஆயினும், உள்நுழையத் தெரிவதும் தரவிறக்கத் தெரிவதும் தொழில்நுட்ப அறிவின் முதல் படியே. யுனெஸ்கோ நிறுவனம் ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் தகுதிகளை வகுத்து 2008-இல் முதன்முதலாக வெளியிட்டபோது, தொழில்நுட்ப எழுத்தறிவு, அறிவை ஆழப்படுத்தல், அறிவை உருவாக்கல் என்று மூன்று நிலைகளைக் கூறியது; 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு 18 தகுதிகளை விவரிக்கிறது. முதல் நிலையில் நிற்கும் ஆசிரியர், பிறர் செய்து வைத்ததை எடுத்துக் காட்டுகிறார். இரண்டாம் நிலையில் தம் மாணவர்களின் வாழ்க்கையோடு சேர்ந்த ஒரு பிரச்சினையை ஆராய அதே சாதனத்தைப் பயன்படுத்துகிறார். மூன்றாம் நிலையில் தாமும் மாணவரும் சேர்ந்து புதியதொன்றை ஆக்குகிறார்கள்.

இதனையே இன்னொரு கோணத்திலிருந்து விளக்கியவர்கள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புண்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் ஆவர். பாடத்தை அறிந்திருப்பது வேறு, பாடம் சொல்லித்தரும் முறையை அறிந்திருப்பது வேறு, இவ்விரண்டும் கலந்து பிறக்கும் ஞானமே ஆசிரியருக்குரிய தனிச் சொத்து என்று லீ ஷுல்மன் 1986-இல் எழுதியிருந்தார். அவ்விரண்டோடு தொழில்நுட்பம் என்னும் மூன்றாவதையும் சேர்த்து, மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடத்திலேதான் நல்ல கற்பித்தல் நிகழ்கிறது என்று இவர்கள் 2006-இல் நிறுவினார்கள். கருவியை மாத்திரம் தனியே எடுத்துப் பயிற்றுவிப்பதால் ஆசிரியருக்குப் பெரும் பயன் விளையாது என்பது அவர்களுடைய ஆராய்ச்சியின் சாரம்.

கேட்பதற்குச் சாஸ்திரமாகத் தோன்றும் இதை ஓர் உதாரணத்தால் பிரத்தியட்சமாகக் காணலாம். நம் மாநிலக் கணிதப் பாடநூலில் சில அத்தியாயங்களின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதி இருக்கும்; படி 1, படி 2 என்று வரிசையாகச் சொல்லி, ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய ‘ஜியோஜீப்ரா’ என்னும் இலவச மென்பொருளுக்கு மாணவரை அழைத்துச் செல்லும். அம்மென்பொருளில் ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் அளவோடு தெரியும்படி ஆசிரியர் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையை விரலால் இழுத்தால் முக்கோணம் சாய்கிறது, நீள்கிறது, ஒடுங்குகிறது. கோணங்கள் கணத்துக்குக் கணம் மாறுகின்றன. கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையாகவே நிற்கிறது. இதை ஆசிரியர் தாமே இழுத்துக் காட்டி, “பார்த்தீர்களா, எப்போதும் 180” என்று சொல்லிவிட்டால், கரும்பலகையில் எழுதிப் போட்டதைவிட அதிகமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. இழுப்பதற்கு முன்பே நிறுத்தி, “இந்த முனை மேலே போகப் போக மேற்கோணம் என்னவாகும், மற்ற இரண்டும் என்னவாகும், எழுதிவையுங்கள்” என்று கேட்டு, பிறகு ஒரு மாணவியை அழைத்து இழுக்கச் சொன்னால், அதே கருவி வகுப்பையே ஆராய்ச்சியில் ஈடுபடுத்திவிடுகிறது.

அதோடு முடியவில்லை. கோணங்களை முழு எண்ணாகக் காட்டும்படி அமைத்திருந்தால், சில வேளை திரையில் 60, 60, 59 என்று தெரியும்; கூட்டினால் 179 தான் வரும். “டீச்சர், தப்பு வருதே!” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும். உண்மையில் அக்கோணங்கள் 60.4, 60.4, 59.2 ஆக இருந்து, இயந்திரம் அவற்றை அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றிக் காட்டியிருக்கும். இதை அறியாத ஆசிரியர் திரையை அணைத்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார். அறிந்தவர், தசம இடங்களைக் கூட்டிக் காட்டி, அளவிடுதல் என்பதற்கும் நிரூபணம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சந்தர்ப்பத்திலேயே விளங்கவைத்து, ஏன் எல்லா முக்கோணத்துக்கும் இது உண்மையாக வேண்டும் என்ற கேள்விக்கு வகுப்பைக் கொண்டுபோய்விடுவார். முனையை இழுக்கும் வித்தையைக் கற்க ஐந்து நிமிஷம் போதும். அந்த மாணவனுக்குத் தகுந்த பதில் சொல்லும் திறமையைப் பெறுவதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

இத்தகைய திறமையை இணையவழிப் பயிற்சி உண்டாக்குமா? அதற்கென்று சில விசேஷ குணங்கள் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். புரியாத இடத்தில் காணொளியை நிறுத்தலாம், மறுபடியும் ஓட்டலாம். இருபது வருஷ அனுபவமுள்ள மூத்த ஆசிரியர் ஒருவர், நேற்று வேலைக்கு வந்த இளைஞர்கள் நிறைந்த கூடத்தில் எழுந்து நின்று கேட்கக் கூசும் சந்தேகத்தை, வீட்டில் தனியே அமர்ந்து தீர்த்துக்கொள்ளலாம். வால்பாறையிலோ கொல்லிமலையிலோ இருப்பவர், சென்னையில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே விளக்கத்தை, எந்தப் படியிலும் தேயாமல், மூலத்திலிருந்தே பெறலாம். பழைய முறையில் கனவிலும் கிட்டாத சௌகரியங்கள் இவை.

ஆனால் கற்றதற்கு அத்தாட்சியாக எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நிஷ்டாவின் இணையப் பாடங்களில், எல்லாப் பகுதிகளையும் முடித்து இறுதி மதிப்பீட்டில் 70 சதவீத மதிப்பெண் பெற்றவருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. பொருத்தமான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள், படித்ததை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதை அறியும்; மறுநாள் வகுப்பில் ஏதேனும் மாறியதா என்பதை அறிய அவற்றால் இயலாது. அதிகாரிகள் நாள்தோறும் முடித்தவர் எத்தனை பேர் என்ற பட்டியலையே கேட்டுக்கொண்டிருந்தால், காணொளி ஒரு பக்கம் ஓட, பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவும் விவரங்களும் ஏற்றுகிற வேலை இன்னொரு பக்கம் நடக்க, பயிற்சி என்பது முடித்தாக வேண்டிய மற்றொரு படிவமாகத் தாழ்ந்துவிடுகிறது. இதில் ஆசிரியரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. பகல் முழுவதும் நின்று போதித்துவிட்டு, இரவில் சமையலையும் குழந்தைகளையும் கவனித்து, பத்து மணிக்குமேல் கைப்பேசியின் சிறு திரையில் பாடம் படிக்கும் ஓர் ஆசிரியையிடம் ஆழ்ந்த சிந்தனையை எதிர்பார்ப்பவர், அதற்குரிய நேரத்தை அவருக்குத் தந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு அவசரமாகத் தமிழாக்கிய பாடங்களின் நடையும், படிப்பவரை அயரச் செய்யும் காரணங்களுள் ஒன்று.

இக்குறைகளைப் போக்கும் வழி நம் தேசத்திலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் டாடா அறக்கட்டளைகளோடு சேர்ந்து 2015-இல் தொடங்கிய ‘கிளிக்ஸ்’ என்னும் முயற்சி, ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிஜோரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடையே வேலை செய்தது. நேரில் சில நாள் பயிற்சி, இணையவழியில் தொடர்ந்த பாடம், வகுப்பில் உடனே செய்து பார்ப்பதற்குரிய பாடப்பகுதிகள், செய்து பார்த்தபின் நேர்ந்ததைப் பேசிக்கொள்வதற்குப் பாடவாரியாகக் கைப்பேசிக் குழுக்கள் என்று நான்கையும் அது ஒன்றாகப் பிணைத்தது. யுனெஸ்கோவின் 2017-ஆம் ஆண்டுக்குரிய மன்னர் ஹமத் பரிசு இம்முயற்சிக்கு வழங்கப்பட்டது. அண்டை மாநிலமான கேரளமோ, 2001 முதல் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு நிலையான அமைப்பை வைத்து நடத்திவருகிறது. இப்போது ‘கைட்’ என்று பெயர் பெற்றுள்ள அவ்வமைப்பு, திறந்த மூல மென்பொருளையே பள்ளிகளில் பரப்பி, ஆசிரியர்களுக்கென்று தனி இணையக் கல்வித் தளத்தையும் நடத்துகிறது. ஆயினும் 2024 மே மாதத்தில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி 80,000 ஆசிரியர்களுக்குக் கற்பிக்க முற்பட்டபோது, அவர்களை மூன்று நாள் நேரில் வரவழைத்துச் செய்முறையாகவே கற்பித்தது.

இவ்விரண்டு அனுபவங்களும் உணர்த்துவது ஒன்றே. உழவர் விதையை எங்கிருந்து வேண்டுமானாலும் தருவித்துக்கொள்ளலாம், முளைக்க வைப்பதோ அவருடைய நிலமும் நீரும்தான். இணையம் தருவதும் அப்படிப்பட்ட விதையே. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர், பக்கத்துப் பள்ளியில் அதே பாடத்தை நடத்தும் சகா, குறுவள மையத்தில் மாதந்தோறும் கூடும் பத்துப் பதினைந்து பேர் ஆகியோர் இல்லாமல் இணையப் பாடம் வேர் பிடிக்காது. தீக்ஷாவில் ஒரு பாடத்தைப் படித்தவர், அடுத்த வாரம் தம் வகுப்பில் அதைச் செய்து பார்த்து, எது நடந்தது எது நடக்கவில்லை என்பதை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்து, சகாக்களின் மத்தியில் வாசித்துக் காட்டும் ஏற்பாடு இருந்தால், அந்த ஒரு பக்கமே சான்றிதழைவிடச் சிறந்த அத்தாட்சியாகும்.

தொழில்நுட்ப அறிவின் இன்னொரு பாகத்தையும் மறந்துவிடலாகாது. இணையத்தில் கண்ட செய்தி மெய்யா பொய்யா என்று சோதிப்பது எப்படி, வகுப்புப் பிள்ளைகளின் புகைப்படத்தையும் விவரங்களையும் கண்ட குழுக்களில் பகிர்வதால் வரும் தீங்கு என்ன, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் விடையில் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்க மாணவனைப் பழக்குவது எப்படி என்பவை இன்று ஒவ்வோர் ஆசிரியரும் கற்க வேண்டியவை. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை அடிப்படை விதியாக்கியிருக்கிறது. ஒரு செயலியை மாணவர்களின் கையில் கொடுக்கும் முன் அது என்னென்ன விவரங்களைக் கேட்கிறது என்று பார்க்கும் பழக்கம், பாட அறிவுக்கு நிகரான கடமையாகிவிட்டது. சில வேளைகளில் சாதனத்தை எடுக்காமல் இருப்பதே அறிவு; இலையின் நரம்பைப் பார்க்க மரத்தடிக்குப் போக முடிந்த வகுப்புக்குக் காணொளி அவசியமில்லை என்று தீர்மானிக்கத் தெரிந்தவரே தொழில்நுட்பம் அறிந்த ஆசிரியர்.

2024–25 கணக்கின்படி இந்தியப் பள்ளிகளில் இணைய வசதி பெற்றவை ஏறத்தாழ 63 சதவீதமே. எஞ்சிய பள்ளிகளுக்கு இணைப்பு தருவது அரசுகளின் உடனடிக் கடமை. அதனினும் குறையாத கடமை, பயிற்சிக்கென்று வேலை நேரத்திலேயே வாரத்துக்கு ஒரு பாடவேளையை ஒதுக்குவது, சொந்தத் தமிழில் எழுதப்பட்ட பாடங்களைத் தருவது, முடித்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு வகுப்பில் விளைந்த மாறுதலைக் கேட்பது ஆகியவை. தமிழ்நாட்டில் 2023-இல் வந்த ‘மணற்கேணி’ செயலி, திறன்மிகு வகுப்பறைகள், உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்று சாதனங்கள் பெருகிவரும் இத்தருணத்தில், அவற்றை இயக்கும் மனிதரிடத்தில் போடும் முதலே நிலைத்து நிற்கும் முதல். பெற்றோர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்காரும்போது, எத்தனை கணினி வந்தது என்று கேட்பதோடு நில்லாமல், நம் ஆசிரியர்கள் கற்பதற்கு எவ்வளவு நேரம் தரப்படுகிறது என்ற கேள்வியையும் தவறாமல் கேட்க வேண்டும். ஆசிரியர் கற்கும் பள்ளியிலேதான் பிள்ளைகளும் கற்பார்கள். அதற்கு வேண்டிய நேரத்தையும் துணையையும் ஆசிரியர்களுக்குப் பெற்றுத் தருவது நம் அனைவருடைய பொறுப்பு.